தார்ப்பாய்க்குப் பிறகு

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். எனக்கு முதுகுவலி தவிர வேறு குறை இல்லை. அதுவும் ஆபீஸ் நாற்காலி கொடுத்தது.

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது என்று உன் மனைவி போட்ட சட்டப்படி காகிதத்தில் எழுதுகிறேன். "காகிதத்துல கத்த முடியாதுல்ல அண்ணி, எழுதுங்க" என்றாள். எனக்குக் காகிதத்திலும் கத்த வரும் என்பது பாவம் அவளுக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். உங்கள் ஆற்றுக்கு வெள்ள எச்சரிக்கை வைக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எங்கெங்கே சென்சார் வைப்பது, அவை சொல்வதை வைத்துத் தண்ணீர் எப்போது எங்கே வரும் என்று எப்படிக் கணிப்பது, எல்லாம் என் பொறுப்பு. கேட்டது இருபது சென்சார். கொடுத்தது ஏழு. ஒரு மாதமாக வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றை இங்கே நகர்த்தினால் அங்கே ஓட்டை. அங்கே அடைத்தால் இங்கே ஓட்டை. சின்னப் போர்வையை இழுத்து இழுத்துப் போர்த்துகிற கதைதான்.

உங்கள் பாலத்துக்கு ஒன்று வருகிறது. அதற்கு மேலே, ஆறு வளைகிற இடத்தில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஆற்றில் வந்து சேர்கிறதே ஓடை, வருஷத்தில் பாதி நாள் பிள்ளைகள் பந்து விளையாடுகிற ஓடை, அதற்குத் தனியாக ஒன்றும் இல்லை. அதில் எப்போதாவது தண்ணீர் வந்தாலும் பாலத்துச் சென்சார் பார்த்துக்கொள்ளும். இரண்டு தண்ணீரும் அதன் கீழேதானே போயாக வேண்டும்? இந்த ஒரு யோசனைக்காக என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். வலிக்கிற முதுகு, மெதுவாகத்தான் தட்டினேன்.

சென்சார் என்பது பாலத்தின் அடியில் தொங்கும் ஒரு பெட்டி. தண்ணீரைத் தொடாது. மேலேயிருந்து பார்த்தே தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை எங்களுக்கு அனுப்பும். மட்டம் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் உங்கள் பள்ளிக்கூட மாடியில் வைக்கப்போகிற சங்கு தானாக ஊதும். ஊதினால் கீழத்தெரு மொத்தமும் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். நீ இருக்கிற தெருவும் அதுதான் என்பதை நான் மறக்கவில்லை.

பெட்டியில் ஒட்டடை சேராமல் பார்த்துக்கொள்ள, சோலார் பலகையைத் துடைக்க, உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும். நீ பம்பு மெக்கானிக். பட்டறையும் பாலத்துக்குப் பக்கத்தில். உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். அக்கா சிபாரிசு என்று நாலு பேர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

குட்டியின் தலையில் என் கை வைத்ததாக நினைத்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நன்றாகவே இருக்கிறோம். குட்டிக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது. வீட்டில் இப்போது அதுதான் தலைப்புச் செய்தி. உன் முதுகுக்கு ஒரு தலையணை வை. ஆபீசில் கேட்டால் வெட்கக்கேடு என்று நினைக்காதே.

பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஏணியைப் பிடித்ததும், போல்ட்டை முறுக்கியதும் நான். வந்த பையன்களுக்கு ஸ்பானரைப் பிடிக்கவே தெரியவில்லை. இதை உன் ஆபீசில் சொல்லாதே.

கீழத்தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. தெருமுனையில் டெய்லரம்மா இருக்கிறாரே, தனி ஆளாகத் தெரு முழுவதுக்கும் துணி தைத்துக் கொடுக்கிறவர், அவருக்கு மெஷினைவிட வாய் வேகம். "என்னப்பா, ஆத்துக்கு கேமராவா? அது துணி மாத்தும்போதும் பாக்குமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் பெட்டிக்குக் கீழே நின்றபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. என் அக்கா யோசித்து வைத்தது என்று பக்கத்தில் நின்ற இரண்டு பேரிடம் சொன்னேன். சரி, நாலைந்து பேரிடம்.

தம்பி


ஏப்ரல் 3

அக்கா,

எல்லோரும் நலமாக இருக்கிறோம். நலமாக இருப்பதுதான் இங்கே அவமானமாக இருக்கிறது.

நேற்று மத்தியானம் சங்கு ஊதியது. பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தாலே ஆறு தெரியும். நான் எட்டிப் பார்க்கவில்லை. உன் மெஷினை அவ்வளவு நம்பினேன். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். "ஏறுங்க, ஏறுங்க, எதையும் எடுக்காதீங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். டெய்லரம்மா மட்டும் பேச்சைக் கேட்கவில்லை. தைத்து வைத்திருந்த அடுத்தவர் துணியையெல்லாம் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார். பாதி வழியில் மூட்டை அவிழ்ந்து எல்லாம் புழுதியில் விழுந்தது.

மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தோம். ஆறு எப்போதும் போல முழங்கால் ஆழத்தில் போய்க்கொண்டிருந்தது. வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன.

பாலத்தில் போன ஒரு லாரியிலிருந்து தார்ப்பாய் நழுவிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கியிருக்கிறது. சரியாக உன் பெட்டிக்குக் கீழே. பெட்டி தார்ப்பாயை அளந்துவிட்டு, ஆற்றுத் தண்ணீர் ஒரு ஆள் உயரம் ஏறிவிட்டதாக உங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

என் பெயர் இனிமேல் சங்கு. டெய்லரம்மா வைத்தது. துணி அத்தனையையும் மறுபடி துவைத்து, மறுபடி இஸ்திரி போட்ட கோபம் அவருக்கு. கடைக்குப் போனால் "சங்கு வந்தாச்சு, எல்லாரும் மாடிக்கு ஏறுங்கடா" என்கிறார்கள். குட்டியைப் பள்ளிக்கூடத்தில் "சின்ன சங்கு" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அழுதுகொண்டு வந்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை அக்கா.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

சாப்பாட்டையும் தூக்கத்தையும் இதற்காகக் கெடுத்துக்கொள்ளாதே. உன் கடிதத்தை ஆபீசில் பிரித்துவிட்டேன். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டேன். குட்டி அழுதாள் என்று நீ எழுதிய வரியில் எனக்கு முகம் எரிந்தது.

தப்பு உன்னுடையது இல்லை, பெட்டியுடையதும் இல்லை. இனி அப்படி நடக்காது. அதற்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். என்ன ஏற்பாடு என்று எழுதினால் உனக்குக் கொட்டாவிதான் வரும், விட்டுவிடு. பத்து நிமிஷத்தில் ஆற்றுத் தண்ணீர் ஒரு ஆள் உயரம் ஏறாது. அப்படி ஏறுவதாகச் சொன்னால் அது ஆறில்லை, தார்ப்பாய். இதைப் புரிந்துகொள்ள மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது.

உன்னைப் பார்த்து இன்னொரு தடவை யாரும் சிரிக்க மாட்டார்கள். இது என் பொறுப்பு.

குட்டிக்கு ஒரு பென்சில் பெட்டி அனுப்பியிருக்கிறேன். பல் விழுந்ததா?

அக்கா


ஜூன் 2

அக்கா,

இங்கே அனைவரும் சுகம். பல் விழுந்துவிட்டது. பென்சில் பெட்டி வந்தது. குட்டி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

எழுத நாளாகிவிட்டது. எழுத ஒன்றும் இல்லை. சங்கு அதன்பிறகு ஊதவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இப்போது யாரும் கேலியாகக்கூடச் சொல்வதில்லை. பம்பு ரிப்பேருக்கு வருகிறவர்களே "சங்கு கடை எது?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். கோபம் வந்தால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் காட்டுகிறேன்.

சோலார் பலகையைத் துடைத்துவிட்டேன்.

தம்பி


ஜூலை 17

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன். அவர் எழுதுகிற நிலையில் இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. மலைப்பக்கம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். ஆற்றில் மேலேயிருந்து வரவில்லை. ஓடையில் வந்தது. நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பாதித் துணி எடுப்பதற்குள் வாசலில் பழுப்புத் தண்ணீர். சங்கு ஊதவே இல்லை.

அவர் பாலத்துப் பக்கமிருந்து ஓடி வந்தார். அதற்குள் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னை இழுத்துக்கொண்டு மேட்டில் விட்டார். திரும்பிப் போய் ஒவ்வொரு வீடாக ஆட்களை இழுத்து வந்தார். எல்லோரும் பிழைத்தோம். வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை, அதை விடுங்கள்.

டெய்லரம்மா கடையின் இரும்புக் கதவைச் சாத்தப் போயிருக்கிறார். தண்ணீர் கதவை அடித்துத் தள்ளியதில் வலது கை கதவுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. உங்கள் தம்பிதான் கதவை உடைத்துக் கையை எடுத்தார். டெய்லரம்மா இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

உங்கள் தம்பி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பாட்டைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏதாவது எழுதுங்கள் அண்ணி. நான் போட்ட சட்டத்தை நானே எடுத்துவிடுகிறேன், போன் செய்து திட்டினாலும் பரவாயில்லை.

தங்கள் அன்புக்குரிய தம்பி மனைவி


ஜூலை 23

தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். காயம் ஏதாவது இருந்தால் மறைக்காதே. தண்ணீரில் நின்ற காலுக்கு மருந்து போடு. குட்டிக்குக் காய்ச்சல் வருகிறதா என்று கவனிக்கச் சொல். கொதிக்க வைத்த தண்ணீரையே குடியுங்கள். துணிமணியும் கம்பளிப் போர்வையும் அனுப்பியிருக்கிறேன்.

இங்கே விசாரணை நடக்கிறது. அது முடியும்வரை யாரிடமும் எதுவும் சொல்லாதே, எழுதியும் கொடுக்காதே. சென்சார் பற்றிக் கேட்டால் ஆபீசைக் கேளுங்கள் என்று சொல்லிவிடு.

டெய்லரம்மாவின் கை எப்படி இருக்கிறது?

அக்கா


ஜூலை 30

அக்கா,

எனக்கு ஒன்றுமில்லை. காலில் ஒரு கீறல், ஆறிவிட்டது. குட்டிக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. போர்வைகள் வந்து சேர்ந்தன.

நீ சொன்னதற்கு முன்பே சொல்லியாகிவிட்டது. உன் ஆபீசிலிருந்து வந்தவர் கேட்டார். ஏப்ரலுக்குப் பிறகு நான் பெட்டியைச் சுத்தம் செய்யவே இல்லை என்று சொன்னேன். உண்மைதான். ஏணியைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்குப் போனாலே "சங்குக்கு எண்ணெய் போடப் போறியா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு சோலார் பலகையை மட்டும் துடைத்துவிட்டு வந்துவிடுவேன். பெட்டியில் ஒட்டடை மண்டிக் கண்ணை மறைத்திருக்கும். அதனால்தான் வெள்ளத்தைப் பார்க்கவில்லை. இதை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பாவம், அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

டெய்லரம்மாவுக்கு நாலு விரலும் நசுங்கிவிட்டன. வெட்டவில்லை. ஆனால் இனி மடங்காது என்கிறார்கள். கத்தரிக்கோல் பிடிக்க முடியாது, ஊசி பிடிக்க முடியாது. பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு "ஏன் தம்பி சங்கு ஊதல?" என்று கேட்டார். கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முதல் தடவையாக என்னைத் தம்பி என்று கூப்பிட்டார். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதில் உனக்குக் கெட்ட பெயர் வராமல் இருந்தால் சரி.

தம்பி


செப்டம்பர் 4

என் தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதி இல்லாமல் கேட்கிறேன். நான் இப்படியே இருக்கிறேன்.

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுதாததற்கு வேலை என்று சொல்லலாம். வேலை இல்லை. விசாரணை அறிக்கை என் மேசையில் இருந்தது. "பராமரிப்புக் குறைவால் பாலத்துச் சென்சாரில் கோளாறு" என்று எழுதி என் கையெழுத்துக்காக வைத்திருந்தார்கள். எங்கள் மேலதிகாரி தோளைத் தட்டாத குறையாகச் சொன்னார்: "உங்க தம்பிதானேம்மா? பெரிசா ஒண்ணும் ஆகாது, வேற ஆளைப் போட்டுட்டு முடிச்சிடலாம்." நான் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு வந்து மத்தியானச் சாப்பாட்டையும் சாப்பிட்டேன்.

உன் பெட்டி ஒரு தப்பும் செய்யவில்லை. ஒட்டடை எதையும் மறைக்கவில்லை. தண்ணீர் ஏறுகிறது என்று அது பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை சரியாகச் சொன்னது. ஆபீசில் இருக்கிற எங்கள் மெஷின் நம்பவில்லை. நம்பாதே என்று அதற்குச் சொல்லி வைத்தது நான்.

ஏப்ரலில் ஏற்பாடு செய்துவிட்டேன் என்று எழுதினேனே, அது இதுதான். பாலத்தில் மட்டம் திடீரென்று ஏறினால் உடனே சங்கு ஊதாதே, மேலே ஆற்று வளைவில் இருக்கிற சென்சாரும் ஏற்றம் காட்டினால்தான் ஊது, இல்லாவிட்டால் பாலத்தில் வந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய எண்ணையே வைத்துக்கொள் என்று மாற்றினேன். அன்றைக்கு ஆற்று வளைவில் தண்ணீர் அசையவில்லை. வந்தது ஓடைத் தண்ணீர். வளைவுக்குக் கீழே சேர்கிற தண்ணீரை வளைவு எப்படிச் சொல்லும்? ஓடையைப் பார்த்துக்கொள்ளும் என்று நான் பெருமையடித்துக்கொண்டு வைத்த ஒரே கண் பாலத்துக் கண். அதன் வாயை நானே பொத்தினேன்.

ஓடையை மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. மாற்றுகிறபோது ஒரு நிமிஷம் ஞாபகம் வந்தது. அதில் என்றைக்குத் தண்ணீர் வந்தது என்று தள்ளிவிட்டேன். அப்போது என் கண் முன்னால் நின்றது ஓடை இல்லை, உன்னைப் பார்த்துச் சிரிக்கிற தெரு. இதையும் உனக்காகச் செய்தேன் என்று முடித்துக்கொண்டால் நான் நல்லவளாகிவிடுவேன். இங்கே ஒரு கூட்டத்தில் ஒருவர் என்னைத் "தார்ப்பாய் மேடம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று மத்தியானம்தான் உட்கார்ந்து மாற்றினேன். யாரிடமும் கேட்கவும் இல்லை, சரிபார்க்கச் சொல்லவும் இல்லை.

நீ ஒட்டடைமேல் பழியைப் போட்டுக் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதினாய் அல்லவா? அதைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை தம்பி. அப்பாடா என்றிருந்தது. உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அறிக்கையில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை போய்ச் சொல்லப்போகிறேன். உன்னிடம் முதலில் சொல்லாவிட்டால் அங்கேயும் சொல்லமாட்டேன் என்று என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதினேன்.

அக்கா


செப்டம்பர் 15

அக்கா,

வீட்டில் எல்லோரும் நலம். சுவர் காய்ந்து வெள்ளையடித்தாகிவிட்டது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். என் மனைவிக்கு வந்தது. "உங்கக்கா நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. எனக்கு வரவில்லை. நான் உன்மேல் கோபப்பட என்ன யோக்கியதை என்று நீயே இதைப் படித்துவிட்டுச் சொல்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் பாலத்தின்மேல்தான் இருந்தேன். பம்பு ஒன்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஓடை ஆற்றில் சேர்கிற இடத்தில் தண்ணீர் நிறம் மாறியது. அப்புறம் சத்தம் வந்தது. ஒரு மரம் வேரோடு வந்தது. அக்கா, எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லத் தேவையில்லை, எந்தப் பெட்டியும் தேவையில்லை, கண்ணால் பார்த்தேன்.

ஓடலாம் என்று காலெடுத்தேன். பாலத்திலிருந்து கீழத்தெரு முழுவதும் தெரியும். டெய்லரம்மா கடை வாசலில் உட்கார்ந்து துணிக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கத்திக்கொண்டு ஓடினால் அவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். "என்ன சங்கு, இன்னிக்கும் தார்ப்பாயா?" என்பார்கள். யாரும் சொல்லவில்லை. நானே சொல்லி நானே கேட்டுக்கொண்டேன். சரி, சங்கு ஊதட்டும். ஊதினால் அது மெஷின் பேச்சு, என் பேச்சில்லை, யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது என்று பள்ளிக்கூட மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. ஏப்ரலில் அவ்வளவு நேரத்தில் தெருவையே மேட்டில் ஏற்றிவிட்டேன்.

தண்ணீர் கரையைத் தாண்டித் தெருவுக்குள் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் ஓடினேன். எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள், ஒவ்வொரு வீடாகப் போய்க் காப்பாற்றினான் என்று. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் செருப்பால் அடி வாங்குகிற மாதிரி இருக்கிறது.

ஒட்டடை என்று எழுதிக் கொடுத்தது உன்னைக் காப்பாற்ற இல்லை. உன் பெட்டியில் கோளாறு இருக்கும் என்று நிஜமாகவே நினைத்தேன். ஆனால் உன் ஆபீஸ்காரர் பேனாவும் கையுமாக வந்து உட்கார்ந்ததும் எனக்குத் தோன்றியது வேறு. ஒட்டடை சின்னக் குற்றம். அதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். யாரும் கேட்கவும் இல்லை.

நீ ஆபீசில் சொல்லிவிடுவாய். நான் யாரிடம் சொல்வது? டெய்லரம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பட்டறைக்குச் சுற்றுவழியாகப் போகிறேன்.

தம்பி


அக்டோபர் 9

தம்பிக்கு,

இந்தத் தடவை நலம் விசாரிக்கவில்லை. நீ எழுதியதிலிருந்தே தெரிகிறது.

ஆபீசில் சொல்லிவிட்டேன். சொன்னபோது அறையில் யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறிக்கையை மாற்றி எழுதினார்கள். உன் பெயர் அதில் இல்லை. என்னை உங்கள் ஆற்று வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மேற்கொண்டு என்ன செய்வார்கள் என்பது பிறகு தெரியும். நான் போட்ட தடையை எடுத்தாயிற்று. இனி தார்ப்பாய் தொங்கினாலும் சங்கு ஊதும். ஓடைக்கு ஒரு சென்சார் தரச் சம்மதித்துவிட்டார்கள். கேட்டபோது இல்லை என்றவர்கள்தான்.

நீ பாலத்தில் நின்றதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீ சிறியவன், தப்பு என்னுடையதுதான் என்று சொன்னால் உனக்குப் பிடிக்காது. பரவாயில்லை என்றும் சொல்லமுடியாது, ஏனென்றால் அது என் கை இல்லை.

டெய்லரம்மாவுக்குக் கடிதம் எழுதிப் பார்த்தேன். நாலைந்து தடவை. ஒவ்வொன்றிலும் என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன், என் வருத்தம், என் தூக்கம், என் முகம். கிழித்துப் போட்டுவிட்டேன். நேரில் வரலாம் என்றால் கால் வரவில்லை. நீ முதலில் போய் உன்னுடையதையும் என்னுடையதையும் சொல்லிவிடுகிறாயா? பார், இதிலும் உன்னைத்தான் முன்னால் தள்ளுகிறேன்.

அக்கா


அக்டோபர் 25

இஞ்சினியரம்மாவுக்கு,

எழுதறது உங்க தம்பி, சொல்றது கீழத்தெரு டெய்லர். நான் சொல்றதை ஒரு வார்த்தை மாத்தாம எழுதணும்னு சொல்லி உக்கார வச்சிருக்கேன். உடம்பு நல்லா இருக்கு. கை நல்லா இல்ல. நீங்க எப்படி இருக்கீங்கன்னு நான் கேக்கல, அவர் சொல்லிட்டார்.

ஞாயித்துக்கிழமை வந்தார். வாசல்ல நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னார். நீங்க மெஷினை மாத்தினது, இவர் பாலத்துல நின்னது. உள்ள வாங்கன்னு நான் சொல்லல. கேட்டு முடிச்சிட்டு, போயிட்டு அப்புறம் வாங்கன்னு சொன்னேன். நாலு நாளா யோசிச்சேன். எனக்கு இப்ப யோசிக்க நேரம் இருக்கு, தைக்கற வேலை இல்ல.

மன்னிச்சிட்டேன்னு எழுதலாமான்னு உங்க தம்பி இப்ப என் முகத்தைப் பாக்கறார். எழுதாதே தம்பி, நான் அப்படிச் சொல்லல. காலைல எழுந்து தலை வாரும்போது ஒவ்வொரு நாளும் உங்க ரெண்டு பேர் ஞாபகமும் வருது. அது நல்ல ஞாபகம் இல்ல. அதையும் அப்படியே எழுது.

எனக்குப் புரியாத விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். அன்னிக்கு தார்ப்பாய்க்கு சங்கு ஊதினப்போ நான்தான் முதல்ல சிரிச்சேன். பேர் வச்சதும் நான்தான். துணியெல்லாம் புழுதியாச்சு, கோபம் இருந்துச்சு, சிரிச்சேன். ஆனா இன்னொரு தடவை ஊதியிருந்தா ஓடியிருக்க மாட்டேனா? சிரிச்சுக்கிட்டே ஓடியிருப்பேன். மூட்டையைத் தூக்கிக்கிட்டு, உங்க தம்பியைத் திட்டிக்கிட்டே மேட்டுல ஏறியிருப்பேன். நாங்க சிரிக்கறது எங்க வாய். எங்க கால் எங்ககிட்டதான இருந்துச்சு? படிச்ச நீங்க ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கம், ஒரு தெரு சிரிச்சதைத் தாங்க முடியாம சங்கை ஊமையாக்கிட்டீங்க. நாங்க சிரிச்சா உங்களுக்கு என்னம்மா குறைஞ்சு போச்சு?

இனிமே பத்து தடவை தப்பா ஊதினாலும் ஊதட்டும். நாங்க ஓடுவோம், திரும்பி வந்து உங்க தம்பியைப் பாத்துச் சிரிப்போம். அவர் அதை வாங்கிக்கணும். நீங்களும் வாங்கிக்கணும். நீங்க வாங்கற சம்பளத்துல அதுவும் சேர்ந்ததுதான்னு வச்சுக்கோங்க.

நீங்க நேர்ல வர்றதுன்னா வாங்க. வராட்டியும் உங்களை நான் ஒண்ணும் தப்பா நினைக்கப் போறதில்ல, நினைக்கறதெல்லாம் நினைச்சாச்சு.

உங்க தம்பி அழுதுக்கிட்டே எழுதறார், இங்க் கலையுது. அதனால நிறுத்திக்கறேன். அடியில கையெழுத்து நான் போட்டது. இடது கை. பேர் பாதியிலயே கோணிக்கிட்டு மேல ஏறிப் போயிடுச்சு, உங்க தம்பி மக கிறுக்கின மாதிரி இருக்கு. பாத்தா சிரிப்பு வரும். வந்தா சிரிச்சுக்கோங்க, எனக்கு ஒண்ணும் ஆகாது.